கருக்கலைப்பை எதிர்க்கிறவர்கள் எங்கே தொடங்குவது? திருகோணமலைக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஒரு வழிகாட்டி

கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தப் போகிறார்களாம் என்று கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தால் போதும், எங்கள் பங்குகளின் வட்ஸ்அப் குழுக்கள் இரவிரவாக ஓடும். கையெழுத்துத் தாள் சுற்றும், ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் நின்று ஆளாளுக்குக் கொதிப்போம், பிறகு செய்தி அடங்க நாங்களும் அடங்கிப் போவோம். அந்த இடைவெளியில், சட்டம் கடுமையாகவே இருக்கிற இந்த நாட்டில், எங்கள் மாவட்டத்துப் பெண்களும் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் முடித்துவிட்டு, அடுத்த நாளே சமையலுக்கு நிற்கிறார்கள். சட்டம் எங்கள் பக்கம் இருந்தும் பிள்ளை காப்பாற்றப்படவில்லை. இதை மனதில் வாங்கிக்கொள்ளாமல் எந்தப் பிரசாரத்தைத் தொடங்கினாலும் அது எங்களுக்கே நாங்கள் பேசிக்கொள்வதாகத்தான் முடியும்.

பங்கு மட்டத்தில் ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்: குடும்பநலக் குழு, மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை, மறைக்கல்வி ஆசிரியர்கள், யாராக இருந்தாலும் சரி. நான் நடுநிலையாக எழுதவில்லை. கருவில் இருப்பது ஒரு பிள்ளை, அதைக் கொல்வது தவறு என்று நம்புகிறவள் நான். அதே அளவுக்கு, அந்தப் பிள்ளையைச் சுமக்கிறவளை அச்சுறுத்திப் பணியவைக்க முடியாது என்றும் நம்புகிறேன்.

சட்டத்தை முதலில் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் இத்தனை வாரம் வரைக்கும் செய்யலாமாம் என்று கதைக்கிறார்கள். அது இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2021இல் வந்த திருத்தமும். எங்களுடையது வேறு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, 303ஆம் பிரிவிலிருந்து 307ஆம் பிரிவு வரை. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை. மற்றபடி மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருடம் வரை. பெண்ணின் சம்மதம் இல்லாமல் செய்தால் இருபது வருடம் வரை போகலாம். தனக்குத் தானே செய்துகொள்கிற பெண்ணும் 303ஆம் பிரிவுக்குள் வருவாள் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் இதைப் பற்றிக் கீழே கொஞ்சம் கதைக்க இருக்கிறது.

இதை மாற்ற 1995இல் ஒரு முயற்சி நடந்தது. வன்புணர்வு, இரத்த உறவுக்குள் நடந்த துஷ்பிரயோகம், கருவில் பாரதூரமான குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுக்கும் ஏற்பாடு பாராளுமன்றம் வரை போய்த் திரும்பப் பெறப்பட்டது. அதே வருடத் திருத்தத்தில்தான் பெண்பிள்ளைகளின் சம்மத வயது 12இலிருந்து 16 ஆனது. 2017இல் மறுபடி ஒரு யோசனை வந்தது, ஆயர் பேரவை எதிர்த்தது, மற்ற மதத் தலைவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது, அதுவும் நின்றுபோனது. இனியும் வரும். வரும்போது என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாளொன்றுக்கு இத்தனை கருக்கலைப்பு என்று உலவுகிற எண்களைத் துண்டுப்பிரசுரத்தில் போடாதீர்கள். சட்டவிரோதமாக நடக்கிற ஒன்றுக்குப் பதிவேடு கிடையாது, எல்லாமே மதிப்பீடு. ஒரு எண்ணை அடித்து விட்டு அது பிழை என்று ஒரு டொக்டர் சொன்னால், பிறகு நீங்கள் சொல்கிற உண்மையையும் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

திருச்சபை சட்டத்தைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது

கருக்கலைப்பு பாவம் என்பதைத் தாண்டி எங்கள் ஆட்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. திருச்சபையின் போதனை அதைவிட விரிவானது. முதலாம் நூற்றாண்டிலிருந்தே இது ஒழுக்கத் தீமை என்று திருச்சபை சொல்லிவருவதாக மறைக்கல்வி நூலின் 2271ஆம் எண் சொல்கிறது. 2273ஆம் எண்ணில்தான் சட்டம் வருகிறது: குற்றமற்ற ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள வாழும் உரிமை ஒரு சமூகத்துக்கும் அதன் சட்டத்துக்கும் அடித்தளம், ஆகவே அரசு அதைக் காக்கக் கடமைப்பட்டிருக்கிறது. "எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்காது, ஆனால் சட்டம் தலையிடக்கூடாது" என்று ஒரு கத்தோலிக்க அரசியல்வாதி சொன்னால் அந்த நிலைப்பாடு திருச்சபையின் போதனையோடு பொருந்தாது. ஏனென்றால் இங்கே பாதிக்கப்படுவது இன்னொரு உயிர்.

ஆனால் புனித தோமஸ் அக்குவினாஸ் வேறொன்றையும் சொல்லிவைத்தார். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்கப் போகக்கூடாது, பெரும்பாலானோரால் விலகி நிற்கக்கூடிய பாரதூரமானவற்றை, முக்கியமாக மற்றவரைப் பாதிப்பவற்றைத் தடுத்தால் போதும் என்று. கொலை அந்தப் பட்டியலில் நிச்சயம் வரும். ஆனாலும் எந்தத் தண்டனை, யாருக்கு, எவ்வளவு என்பது விவேகத்தோடு தீர்மானிக்க வேண்டிய விஷயம், அதற்கு நேரடியான விசுவாசக் கோட்பாடு இல்லை. கத்தோலிக்கர்களுக்குள் நேர்மையாகவே கருத்து வேறுபடலாம்.

1995 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, புனித இரண்டாம் யோவான் பவுல் வாழ்வின் நற்செய்தி என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதில் 73ஆம் எண்ணை ஒவ்வொரு பங்குச் சபை உறுப்பினரும் வாசிக்க வேண்டும். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் ஒன்றை முழுவதுமாக நீக்க முடியாத நிலையில், தன்னுடைய எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாராளுமன்ற உறுப்பினர், அதன் கேட்டைக் குறைக்கிற ஒரு திருத்தத்துக்கு வாக்களிக்கலாம் என்கிறது அது. முழுவதும் கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைப்பதையும் விட்டுவிடத் தேவையில்லை. எங்கள் ஆட்களில் சிலர் இதைச் சமரசம், துரோகம் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்கிறவரிடம் அந்த எண்ணை எடுத்துக் காட்டுங்கள்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அயர்லாந்தை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்க நாடு. 1983இல் பிறவாத பிள்ளையின் உயிரைக் காக்கும் திருத்தத்தை அரசியலமைப்பில் சேர்க்க மக்களிடம் கேட்டார்கள், 66.9 வீதம் ஆம் என்றார்கள். 2018இல் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள், 66.4 வீதம் ஆம் என்றார்கள். முப்பத்தைந்து வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பியிருந்த காலத்தில் மனங்களோடு யாரும் கதைக்கவில்லை, அல்லது கதைத்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. மறைக்கல்வி வகுப்பில் பத்து வருடம் இருந்துவிட்டு வெளியே போகிற எங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறபோது எனக்கு அயர்லாந்துதான் நினைவுக்கு வரும்.

இப்போது அந்த 303ஆம் பிரிவுக்கு வருவோம். பெண்ணைச் சிறையில் போட வேண்டுமா? என்னுடைய கருத்து, வேண்டாம். இருட்டு அறையில் காசு வாங்கிச் செய்கிறவர், கள்ளமாக மருந்து விற்கிறவர், அடித்து மிரட்டிக் கூட்டிப்போகிற ஆள், இவர்கள்மேல் சட்டம் கடுமையாக விழட்டும். பிள்ளையின் தகப்பன், குடும்பத்தார், நண்பர்கள், வைத்தியர் என்று பொறுப்பு பலருக்கும் போகிறது என்று அதே சுற்றுமடலின் 59ஆம் எண் சொல்கிறது. எல்லாரும் ஒதுங்கி நிற்க அந்தப் பெண் மட்டும் கூண்டில் ஏறுவதில் எந்த நீதியும் இல்லை. இதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் ஒன்றை மட்டும் பங்கில் விதியாக வையுங்கள்: உதவி கேட்டு வருகிற பெண்ணிடம் பொலிஸ் என்ற சொல்லை மிரட்டலாக எடுக்கவே கூடாது. எடுத்த அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விடும், அதற்குப் பிறகு உங்களிடம் ஒருத்தியும் வரமாட்டாள்.

முன்னால் வந்து நிற்கிறவளோடு கதைப்பது

வேலையின் முக்கால்வாசி இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், யார் வருவார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். கலியாணம் ஆகாத இளம்பெண் என்றுதான் எல்லாரும் கற்பனை செய்கிறார்கள். அப்படியும் வருவார்கள். ஆனால் இந்த நாட்டில் கருக்கலைப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் திருமணமானவர்கள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள். கடைசிப் பிள்ளை இன்னும் பால் குடிக்கிறது, புருஷனுக்குத் தொழில் இல்லை, வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டிய காசு நிற்கிறது, இந்த நேரத்தில் நாள் தள்ளிப் போய்விட்டது. உங்கள் பிரசங்கமும் சுவரொட்டியும் விடலைப் பிள்ளைகளின் கற்பைப் பற்றியே இருந்தால் இந்தத் தாய் அதைத் தனக்கானதாக எடுக்கமாட்டாள்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பேச்சைச் சொல்கிறேன், ஆள் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நவநாள் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஒரு பெண் சிஸ்டரிடம் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் பிடித்தபடி இன்னொன்று. ஜெபம் கேட்கத்தான் வந்தேன் என்றாள். சிஸ்டர் அவளைக் கோவில் விறாந்தையில் இருத்தி, குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சாப்பிட்டியா பிள்ளை?" என்றுதான் முதல் கேள்வி. பிறகு கொஞ்ச நேரம் குழந்தையின் காய்ச்சலைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அவளே சொன்னாள், திரும்பவும் நிண்டிட்டுது சிஸ்டர், இந்த முறை ஏலாது எண்டு. சிஸ்டர் ஐயோ என்று சொல்லவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. "ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். "அவருக்குச் சொன்னனான். உன்ர விருப்பம் எண்டிட்டுக் கடலுக்குப் போயிட்டார்."

அந்த ஒரு வரியில் முழுப் பிரச்சினையும் இருந்தது. புருஷன் அவளுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டதாக நினைத்துப் போயிருப்பார். அவள் கேட்டது, நான் தனியே விடப்பட்டேன் என்பது. சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "அவர் இந்தப் பிள்ளை வேணும் எண்டு சொன்னால் உனக்கு எப்பிடி இருக்கும்?" அவள் அழத் தொடங்கினாள். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. சிஸ்டர் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினார்: ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒண்டும் செய்யாத, அதுக்குள்ள நான் வந்து உன்னைப் பாக்கிறன். வின்சென்ட் டி போல் சபையில் இருந்த, அந்தப் புருஷனின் வயதை ஒத்த ஒரு அண்ணர், வள்ளம் கரைக்கு வந்த நேரம் போய் அவரோடு நின்று வலை உதறிக்கொடுத்துக்கொண்டே கதைத்தார். மாமியாருக்கு விஷயம் தெரிந்ததும் பெரிய சண்டை வரும் என்று அவள் பயந்திருந்தாள், ஆனால் மாமிதான் மூத்தவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றார். பங்கிலிருந்து சில மாதங்களுக்கு மளிகைச் சாமான் போனது. பிள்ளை பிறந்தது.

எல்லாம் இப்படி முடியாது. வந்து கதைத்துவிட்டுப் போய் அழித்துவிட்ட பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் அதே சிஸ்டர் போகிறார், அதே மாதிரி இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறார்.

இதிலிருந்து எடுக்க வேண்டியவை. தனியாக, குறுக்கே யாரும் வராத இடத்தில் இருத்திக் கதையுங்கள், ஆனால் கதவை முழுக்கப் பூட்டாதீர்கள், அடைபட்டதுபோல் இருக்கும். முதல் சந்திப்பில் படம் காட்டாதீர்கள், வசனம் வாசிக்காதீர்கள். ஏன் செய்யப் போகிறாய் என்று கேட்டால் அவள் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவாள். என்ன நடந்தது, யாருக்குத் தெரியும், இப்போது எதற்கு அதிகம் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். பயம் என்னவென்று தெரிந்தால்தான் எதைச் செய்து கொடுக்கலாம் என்று தெரியும். வேலை போய்விடும் என்ற பயமென்றால், பிரசவ விடுமுறை 84 நாள் அவளுக்குச் சட்டப்படி உண்டு, கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது என்று சொல்லுங்கள், தேவைப்பட்டால் தொழில் திணைக்களத்துக்குக் கூடப் போங்கள். சாப்பாடு, செலவு என்றால் அந்தப் பிரிவின் மருத்துவமாதுவிடம் கூட்டிப்போய்ப் பதிவு செய்யுங்கள், கிளினிக் கார்ட்டும் திரிபோஷா சத்துமாவும் அங்கிருந்துதான் தொடங்கும். பங்கிலிருந்து கொடுக்கிற உதவிக்கு முடிவுத் திகதியைச் சொல்லுங்கள், சொன்ன நாள் வரை தவறாமல் கொடுங்கள். எல்லாம் பாப்பம் என்ற வாக்குறுதியை அவள் பலரிடம் கேட்டிருப்பாள்.

பிள்ளையை வளர்க்கவே முடியாத நிலை என்றால், தத்துக்கொடுப்பதற்கு 1941ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, நீதிமன்றக் கட்டளையோடு, நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் ஊடாக. தெரிந்த பிள்ளையில்லாத ஒரு குடும்பத்துக்குக் கையோடு கொடுத்துவிடலாம் என்று பங்கில் யாராவது நல்லெண்ணத்தில் ஏற்பாடு செய்தால் தடுத்து நிறுத்துங்கள். அது பிள்ளைக்கும் ஆபத்து, உங்களுக்கும் சட்டச் சிக்கல்.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை கர்ப்பமாக வந்தால் அது வேறு கதை. அந்த வயதில் நடந்தது எதுவானாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. குடும்பமானம் என்று சொல்லி மூடிமறைக்கப் பார்ப்பார்கள், சில நேரம் பங்கின் பெரிய மனிதர்களே பார்ப்பார்கள். இடங்கொடுக்காதீர்கள். 1929 சிறுவர் உதவி இலக்கம், 1938 பெண்களுக்கான இலக்கம், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை எல்லாம் தாமதமில்லாமல் நடக்க வேண்டும். வன்புணர்வுக்கு ஆளானவளிடம் பிள்ளைக்காகக் கதைக்க விரும்புகிறவர், முதலில் அவளுக்காகப் பொலிஸ் நிலையத்து வாங்கில் மணிக்கணக்காக உட்காரத் தயாராக இருக்க வேண்டும். தகப்பன் செய்த குற்றத்துக்குப் பிள்ளை தண்டிக்கப்படக்கூடாது என்று திருச்சபை சொல்கிறது, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அதை அவளிடம் சொல்லும் தகுதி அந்த வாங்கில்தான் கிடைக்கும்.

வைத்தியம் சம்பந்தமாகக் குழப்பாதீர்கள்

பக்தி அதிகமான சிலர் இங்கே பெரிய தீங்கு செய்கிறார்கள். கரு தானாக இறந்துவிட்ட பிறகு கருப்பையைச் சுத்தம் செய்வது கருக்கலைப்பு அல்ல. அதைச் செய்துகொண்ட எத்தனையோ தாய்மார் தாங்களும் பாவம் செய்துவிட்டோம் என்று வருடக்கணக்காக மனதில் வைத்து வேகுகிறார்கள், அவர்களைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். கரு கருக்குழாயில் தங்கிவிட்டால் அது தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து. நோயுற்ற குழாயை அகற்றும் சிகிச்சையைக் கத்தோலிக்க ஒழுக்கவியலாளர்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கருப்பைப் புற்றுநோய்க்குச் செய்கிற சத்திரசிகிச்சையும் அப்படித்தான். பிள்ளையைக் கொல்வது அங்கே நோக்கமும் இல்லை, வழியும் இல்லை, தடுக்க முடியாத பின்விளைவு மட்டுமே. இப்படியான நேரத்தில் ஜெபம் பண்ணிப் பொறுத்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் குறுக்கே நில்லுங்கள், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அதேபோல, எங்கேயோ போய் அழித்துவிட்டு இரத்தம் நிற்காமல், காய்ச்சலோடு கிடக்கிற பெண் உங்களுக்குத் தெரியவந்தால், அன்றைக்கு ஒரு புத்திமதியும் வேண்டாம். பொது வைத்தியசாலைக்கு ஓடுங்கள், நடந்ததை டொக்டருக்கு மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உயிரின் பக்கம் நிற்கிறோம் என்று சொல்கிறவர்களுக்கு அவளுடைய உயிரும் கணக்கில் வர வேண்டும்.

செய்துவிட்டவளுக்கு

திருச்சபையிலிருந்து தானாகவே விலக்கப்பட்டுவிட்டாள், இனி நற்கருணை இல்லை, ஒன்றுமில்லை என்று ஊரில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தண்டனை இருப்பது உண்மை, இப்போது 1397ஆம் சட்டம், இரண்டாம் பத்தி. ஆனால் அதே சட்டத்தொகுப்பின் 1323, 1324ஆம் சட்டங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பதினாறு வயது நிறையாதவருக்குத் தண்டனையே கிடையாது. பதினெட்டு நிறையாதவர், பாரதூரமான அச்சத்தில் செய்தவர், இப்படியொரு தண்டனை இருப்பதே தன் தவறின்றித் தெரியாதிருந்தவர், இவர்களுக்குத் தானாக விழும் தண்டனை பொருந்தாது. எங்கள் ஊரில் மாமனும் அண்ணனும் சேர்ந்து மிரட்டிக் கூட்டிப்போன ஒரு பெண்ணுக்கு இதில் எது பொருந்தும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உடந்தையாக இருந்தவர்களுக்கும் தண்டனை உண்டு என்பதை மட்டும் யாரும் ஊரில் கதைப்பதில்லை.

2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். ஆயரிடம் போக வேண்டும், கடிதம் வேண்டும் என்ற பழைய கதை இனி இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு உள்ளூர்ப் பாதரிடம் போக வெட்கமென்றால் வேறு பங்குக்குப் போகலாம், திருநாள் காலத்தில் வெளியூர்க் குருக்கள் வந்திருக்கும்போது போகலாம். வாழ்வின் நற்செய்தியின் 99ஆம் எண் நேராக இந்தப் பெண்களோடுதான் கதைக்கிறது, மனம் தளராதீர்கள், நம்பிக்கையை விடாதீர்கள் என்று. அந்தப் பத்தியை அச்செடுத்து வைத்திருங்கள், கேட்டால் கொடுங்கள். இன்னொன்று, ஒரு பெண் தன் கதையைத் தானாகச் சொல்ல விரும்பாதவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். இது சின்ன ஊர்.

கத்தோலிக்கர் அல்லாதவரிடம் கதைக்கும்போது

இந்த மாவட்டத்தில் நாங்கள் சிறு தொகை. கிளினிக் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் சகோதரியாக இருப்பார், இந்தப் பக்கம் சைவக் குடும்பம், அந்தப் பக்கம் சிங்களத் தாய். மறைக்கல்வி எண் சொல்லி அவர்களிடம் ஒன்றும் ஆகாது. சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் எங்கள் அடிப்படை வாதம் விசுவாசத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. கருத்தரித்த கணத்திலிருந்து தாயுடையதும் அல்லாத, தகப்பனுடையதும் அல்லாத, தனக்கென்ற மரபணுவோடு ஒரு புதிய மனித உயிர் வளரத் தொடங்குகிறது என்பது உயிரியல். அந்த உயிரை வலிமை, வயது, ஆரோக்கியம் பார்த்து மதிக்கலாமா என்பதுதான் மீதிக் கேள்வி, அது எல்லா மனிதருக்கும் பொதுவானது.

முஸ்லிம் நண்பர்கள் 120 நாள் பற்றிக் கேட்பார்கள், ஆன்மா ஊதப்படுவது அப்போதுதான் என்று அவர்களுடைய மரபில் ஒரு கருத்து உண்டு. அதைக் கேட்டு முறைக்காதீர்கள். எங்கள் புனித தோமஸ் அக்குவினாஸ்கூட ஆன்மா பிந்தித்தான் வருகிறது என்று நினைத்தவர், ஆனாலும் கருவை அழிப்பது பாரதூரமான பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆன்மா எந்தக் கணத்தில் வருகிறது என்ற தத்துவக் கேள்வியில் திருச்சபை இன்றைக்கும் அதிகாரபூர்வமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. அங்கே ஒரு மனித ஆள் இருக்கக்கூடும் என்ற வாய்ப்பே கைவைக்காமல் இருக்கப் போதும் என்பதுதான் அதன் பதில். இதைச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு நின்று போகாது, இன்னும் ஒரு படி போகும். 2017இல் எதிர்ப்பு ஒரு மதத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குவாடலூப்பே மாதாவைப் பிறவாத பிள்ளைகளின் பாதுகாவலியாக உலகமெங்கும் கத்தோலிக்கர் வேண்டுகிறார்கள், அந்த அன்னையின் பெயரிலேயே எங்கள் நகரத்தில் ஒரு கோவில் இருக்கிறது. டிசம்பர் 12 திருநாளையும், டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாளையும் வெறும் பூசையோடு விடாமல், கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசீரோடு சேர்த்துச் செய்தால் நல்லது. மதம் பார்க்காமல் எல்லாத் தாய்மாரையும் கூப்பிடுங்கள். வருவார்கள்.

சட்டமூலம் ஒன்று வந்தால்

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும். தமிழ்ப் பிரதியை எடுத்து முழுவதும் வாசியுங்கள், பத்திரிகைத் தலைப்பை வைத்துக் கத்தாதீர்கள். பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்த பிறகு அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம், ஆனால் அதற்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் கொஞ்சம், ஆகவே சட்டத்தரணி ஒருவரை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். ஆயர் பேரவையின் அறிக்கை வரும்வரை மறைமாவட்டத்தின் பேரில் தனித்தனியே அறிக்கை விடாதீர்கள்.

திருகோணமலை மாவட்டத்துக்கு நாலு பாராளுமன்ற உறுப்பினர்கள். நாலு பேரையும் போய்ப் பாருங்கள், கட்சி, இனம் பார்க்காமல். ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைவிட, ஒரு மருத்துவமாது, ஒரு தாய், ஒரு ஆசிரியர், மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் ஒரு தகப்பன் என்று நாலைந்து பேர் நேரம் கேட்டுப் போய் அரை மணிநேரம் கதைப்பது வலுவானது. அந்தத் தகப்பனைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், குறைபாடுள்ள பிள்ளையைப் பற்றிச் சட்டம் பேசும்போது அந்தப் பிள்ளையை வளர்க்கிறவர் அறையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், வேண்டும் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள்: கர்ப்பிணிகளின் போஷாக்குக் கொடுப்பனவு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும், வன்புணர்வு வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடாமல் முடிய வேண்டும், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு மாவட்டத்திலேயே சிகிச்சை வசதி வேண்டும். முழுத் தடை காப்பாற்ற முடியாத நிலை வந்தால், அந்த 73ஆம் எண்ணை நினைத்து, கேட்டைக் குறைக்கிற திருத்தம் எது என்று கேளுங்கள்.

சரி, நாளைக்கே எதைத் தொடங்கலாம் என்று கேட்டால், ஒரு தொலைபேசி இலக்கம். பங்கில் ஒரு பெண் பொறுப்பாக வைத்திருக்கிற, ஒரு சிஸ்டரோ தாயோ, வாய் இறுக்கமான ஒருவர். கோவில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் போட்டால் நின்று வாசிக்க ஒருவருக்கும் துணிவு வராது. பங்கு மண்டபத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் சின்னதாக ஒட்டுங்கள்: கர்ப்பமாக இருந்து பயமாக இருக்கிறதா, கதைக்க ஆள் இருக்கிறது, பெயர் கேட்கமாட்டோம். தமிழிலும் சிங்களத்திலும். இலக்கம் ஆளோடு போய்விடாமல் பங்கின் பெயரில் ஒரு தனி சிம் எடுங்கள், ஏனென்றால் சிஸ்டருக்கும் இடமாற்றம் வரும், பாதருக்கும் வரும். புதிதாக வருகிறவரிடம் முதல் வாரத்திலேயே அந்தப் போனையும் அதன் சார்ஜரையும் கையில் கொடுத்து, இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அதிகம் அடிக்கும் என்று சொல்லிவிடுங்கள்.